ஒரு தடவைதான் அமுக்கலாம்

கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மரப்பெட்டியின் மூடி விழுவது போன்ற சத்தம். கொஞ்சம் விட்டு, பொம்மைக் குருவி கத்துவதுபோல் 'கீச்' என்று இன்னொன்று. அப்புறம் ஒரு குழந்தையின் அழுகை.

வடமலை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எந்தச் சத்தம் எந்தக் கேமராவுடையது என்று அவருக்குத் தெரியும்.

திரை விலகியது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் வெளியே வந்தது. பின்னால் அமலோற்பவம் வந்தாள். ஒரு கையில் பெரிய கேமரா, இன்னொரு கையில் சின்னது.

பழனி அடிவாரத்தில் இருந்தது அவளுடைய ஸ்டுடியோ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் படம் எடுக்கக் கற்றுக்கொடுப்பாள். வடமலை பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு அவர் அண்ணன்.

கற்று முடித்தவர்களை அவள் வெறுங்கையோடு அனுப்பமாட்டாள். கடையில் உழைத்த கேமரா ஒன்றைக் கொடுத்துத்தான் அனுப்புவாள். இந்தத் தடவை இரண்டு இருந்தன. ஒன்று பழைய டி.எஸ்.எல்.ஆர். பிடியில் ரப்பர் உரிந்து, பின்பக்கத் திரை செத்துப்போயிருந்தது. இன்னொன்று சட்டைப் பையில் போடுகிற அளவு சின்ன டிஜிட்டல் கேமரா. எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று போன மாதமே சொல்லிவிட்டாள்.

"முடிவு பண்ணிட்டீங்களாண்ணே?"

"இல்ல டீச்சர்."

"பொண்ணு பாக்கப் போறவங்ககூட இவ்வளவு யோசிக்கமாட்டாங்க."

"பெருசுல சென்சார் பெருசு. வெளிச்சம் கம்மியா இருந்தாலும் படம் உடையாது. லென்ஸ் மாத்திக்கலாம். சிறுசு கையில இருக்கறதே தெரியாது. யாரும் மிரளமாட்டாங்க. ஆனா நிழல்ல எடுத்தா மழுப்பிடும்."

"நான் சொல்லிக்கொடுத்ததையே எனக்குத் திருப்பிச் சொல்றீங்க. என்ன விஷயம்?"

வடமலை பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி பூரணத்துக்குக் காதுக்குப் பின்னால் கட்டி. மதுரையில் ஆபரேஷன். கட்டி போயிற்று. அதோடு முகத்தின் இடது பக்கமும் அசையாமல் போயிற்று. அன்றிலிருந்து அவள் கல்யாணம், காட்சி என்று எங்கும் வருவதில்லை. படம் என்றால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

"ஆளு பொழைச்சு வந்தாளே டீச்சர். காலையில அடுப்படியில பாத்திரம் உருள்ற சத்தத்துலதான் முழிப்பேன். அந்தச் சத்தத்துக்கு மலையைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் படுக்கையை விட்டு எந்திரிக்கிறேன். அதுக்கு மேல கேக்கக்கூடாதுதான்."

"ஆனா?"

"மக கேக்குறா. மஸ்கட்ல இருக்கா, நிறைமாசம். அம்மா வீடியோவுல முகம் காட்டமாட்டா, பேச்சு மட்டும்தான். பிள்ளை பொறந்தா இவங்கதான் உன் அம்மாச்சின்னு காட்ட ஒரு படம் வேணுங்கறா. பழைய படம் வேண்டாமாம். இப்ப இருக்கற அம்மா வேணுமாம். போன்லயே அழுகை."

"அண்ணி என்ன சொல்றாங்க?"

"மகளுக்காகச் சரின்னுட்டா. ஆனா ஒரு தடவைதான் அமுக்கலாமாம். ரெண்டாவது தடவை சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போயிருவேன்னு சொல்லிட்டா. சொன்னா சொன்னதுதான். முப்பது வருஷமா பாக்குறேன்." அவர் இரண்டு கேமராக்களையும் பார்த்தார். "அந்த ஒரு தடவையை எதுல அமுக்குறது?"

அமலோற்பவம் சுவர்ப்பக்கம் போனாள். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி பக்கத்தில் கிடந்த தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். பெரிய கேமராவை அவர் கையில் கொடுத்தாள்.

"குச்சி பத்துற நேரத்தை எடுங்க. எரியறதை இல்ல. பத்துறதை."

கிழித்தாள். அவர் அமுக்கினார். தப்பிப்போனது போலிருந்தது. இன்னொன்று கிழித்தாள். மறுபடியும் டக். நாலைந்து குச்சி போன பிறகு கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினாள். ஒரு படத்தில் குச்சி முனை சீறி வெள்ளையாக வெடித்துக்கொண்டிருந்தது. பொறிகள்கூடத் தெரிந்தன.

"அருமையா விழுந்திருக்கு" என்றாள். "பாத்தீங்களா இதை?"

"படத்துல இருக்கே."

"படத்துல இருக்கு. நீங்க பாத்தீங்களா?"

வடமலை யோசித்தார். "இல்ல. அமுக்கும்போது உள்ள கண்ணாடி மேல போயிரும், கண்ணு வைச்சுப் பாக்குற ஓட்டை அடைஞ்சிரும். அந்த நேரம் இருட்டு."

சின்ன கேமராவைக் கொடுத்தாள். மறுபடியும் கிழித்தாள். கீச். கிழித்தாள். கீச். அதன் திரையிலேயே பார்த்தார்கள். எல்லாப் படத்திலும் குச்சி சாதுவாக எரிந்துகொண்டிருந்தது.

"இதுல பத்துனதைப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன். ஆனா இது நான் அமுக்கி ஒரு மூச்சு கழிச்சுத்தானே எடுக்குது. அதுக்குள்ள அது போயிருச்சு."

"ம்."

"அப்ப பெருசுல விழுந்தா நான் பாக்கமுடியாது. சிறுசுல நான் பாத்தா, அது விழாது."

"ம்."

"ரெண்டும் நடக்குற மாதிரி கேமரா இல்லையா டீச்சர்?"

"இருந்தா நான் வாங்கியிருக்கமாட்டேனா?"

"அப்ப நான் எதைக் கொண்டுபோக?"

அவள் இரண்டையும் ஒரு துணிப்பையில் போட்டு அவரிடம் நீட்டினாள். வாசலில் இன்னொரு மொட்டைக் குழந்தை வந்து நின்றது. அவள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் சாயங்காலம் வடமலை வீட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டார். பூரணம் முந்தானையால் இடது கன்னத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு எதுக்கு?"

"எதுல நல்லா வரும்னு தெரியல."

"எதுல என் மூஞ்சி கம்மியாத் தெரியும்?"

"பெருசு எதையும் மறைக்காது. சிறுசு கொஞ்சம் மழுப்பும்."

"அப்ப சிறுசுலயே எடுங்க. புண்ணியமாப் போகும்."

அவர் சின்ன கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, குனிந்து அதன் திரையைப் பார்த்தார். வெளிச்சத்தைக் கூட்டினார். குறைத்தார். திரும்பவும் கூட்டினார்.

"என்னத்தக் குனிஞ்சு பாக்குறீங்க? டிக்கெட்டுக் கிழிக்கிறீங்களா?"

"வெளிச்சம் பாக்குறேன்."

"சில்லறை இல்லைன்னு பாதி வழியில எறக்கி விட்டுராதீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்தார்.

பூரணமும் சிரித்துக்கொண்டிருந்தாள். வலது பக்கத்து உதடு மட்டும் மேலே போயிற்று. வலது கண் சுருங்கியது. இடது கண் அகலத் திறந்தபடி இருந்தது, அதன் ஓரத்தில் எப்போதும்போல் நீர் கட்டியிருந்தது. முந்தானை நழுவி மடியில் கிடந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அவர் கேமராவுக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியது.

"அமுக்கிட்டீங்களா? சத்தம் கேக்கலையே."

"இல்ல."

"ஏன்?"

"பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

அவள் முந்தானையைத் தேடினாள். எடுத்தாள். ஆனால் கன்னத்துக்குக் கொண்டுபோகவில்லை.

"பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள்.

"தினம்தானே பாக்குறேன்?"

"சுவத்தைப் பாத்துப் பேசுறீங்க. காலண்டரைப் பாத்து குழம்பு ஊத்தச் சொல்றீங்க. நேத்து பால் கொதிக்கறதைக்கூட ஜன்னல்கிட்டத்தான் சொன்னீங்க."

வடமலை கேமராவைக் கீழே வைத்தார். "உத்துப் பாத்தா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் பூரணம்."

"நல்ல கூத்து. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் நான் மூடிக்கிட்டுத் திரிஞ்சேன்."

தெருவில் காவடிக்காரர்களின் மேளம் ஒன்று நெருங்கி வந்து தள்ளிப் போனது. அவள் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். அவளுக்கு உதட்டோரம் ஒரு சொட்டு வழிந்தது. அவர் எட்டித் துடைத்துவிட்டார். அவள் முகத்தைத் திருப்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்டுடியோவுக்கு வந்தபோது அமலோற்பவம் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் துணிப்பையை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் ஒரு பை நிறையக் கொய்யா.

"ஆயக்குடிக் காய் டீச்சர். வீட்டுல கொடுத்துவிட்டா. உங்களைக் கும்பிட்டதாச் சொல்லச் சொன்னா."

"என்னை எதுக்கு?"

"தெரியல. சொல்லச் சொன்னா, சொல்லிட்டேன்."

அவள் ஒரு கொய்யாவை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தாள். "படம்?"

அவர் நடந்ததைச் சொன்னார். குனிந்து பார்த்தது, டிக்கெட், சிரிப்பு, அமுக்காமல் விட்டது, காபி.

"அப்ப இன்னும் எடுக்கலையா?"

"அதுக்கு மறுநாள் எடுத்தேன். பெருசுல."

"ஏன் பெருசுல?"

"சிறுசைப் பிடிச்சா மறுபடியும் பாத்துக்கிட்டே இருந்துருவேன். மகளுக்குப் படம் போகணுமே." அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, ஊசி போட்டுக்கற மாதிரி. சரி, இவ்வளவுதான் கொடுத்துவைச்சதுன்னு நெனைச்சு அமுக்கிட்டேன். உடனே இருட்டு. வெளிச்சம் வந்து பாத்தா, எந்திரிச்சு அடுப்படிப் பக்கம் நடக்குறா. என்ன விழுந்துச்சுன்னு தெரியல. இதுல திரையும் செத்துக் கிடக்கே. கண்ணு மூடியிருந்தா அவ்வளவுதான். இன்னொரு தடவை கேக்கற தைரியம் எனக்கு இல்ல."

"அந்தக் கார்டைக் கொடுங்க."

கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவள் கார்டைச் செருகினாள். கம்ப்யூட்டர் அவள் பக்கமாகத் திரும்பியிருந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு மூன்று தடவை தட்டினாள்.

"மக நம்பரைச் சொல்லுங்க."

சொன்னார்.

"போயிருச்சு."

"எப்படி இருக்குன்னே சொல்லாம அனுப்பிட்டீங்களே?"

"பிரிண்ட் வருது. பாத்துக்கங்க." மூலையில் பிரிண்டர் முனகத் தொடங்கியது. "அதுக்குள்ள நீங்க சொல்லுங்க. எதை வைச்சுக்கப் போறீங்க?"

அவர் சின்ன கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டார். "இதை."

"இதுல நீங்க ஒண்ணுமே எடுக்கலையே."

"எடுக்கல. ஆனா எனக்கு இதுதான் போதும்."

"சரி."

பிரிண்டர் நின்றது. அவள் படத்தை எடுத்து, விளிம்பைப் பிடித்து, அவரிடம் கொடுத்தாள்.

வடமலை ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார்.

கோணல் அப்படியே இருந்தது. பெரிய கேமரா எதையும் மறைக்கவில்லை. இடது கன்னத்தின் தொய்வு, அகலத் திறந்த கண், ஓரத்தில் நீர். முந்தானை தோளில் இருந்தது. பற்களைக் கடிக்கவில்லை. நெற்றி இளகியிருந்தது. வெளியூர் போனவர் இருட்டிய பிறகு வாசலில் வந்து நிற்கும்போது, கதவைத் திறந்தவள் ஒன்றும் பேசாமல் பார்ப்பாளே, அந்த முகம்.

அவர் படத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தார். தள்ளிப் பிடித்தார்.

"நான் அமுக்கும்போது இப்படி இல்லையே டீச்சர்."

"ம்."

"ஒரு நொடிகூட இருக்காது. அதுக்குள்ள."

"ம்."

"யாரைப் பாத்து இப்படி இருக்கா?"

அமலோற்பவம் மேஜைமேல் சிதறிக் கிடந்த படங்களை ஒன்றாகச் சேர்த்தாள்.

"எடுத்த ஆளைப் பாத்துத்தாண்ணே."

வடமலை கையிலிருந்த சின்ன கேமராவைப் பெரியதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, படத்தோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவள் கத்தரிக்கோலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தாள்.