ஹெட்போனின் மற்றக் காது

பொரிக்கிறதுக்கு றோல்ஸ் சுற்றிக்கொண்டிருக்கிறேன். விரலெல்லாம் முட்டையும் ரஸ்க் தூளும். நாளைக்கு ஞாயிறு. பகல் ஆட்டத்துக்கு இருநூறு வேண்டும் என்றிருக்கிறார்கள். இதைச் சுற்றும்போதெல்லாம் சாம்பவியும் சீலன் அண்ணையும்தான் ஞாபகம்.

லண்டனில் பழைய பஸ் கராஜ் ஒன்றை மண்டபமாக்கி வைத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் அங்கே டிரம் அண்ட் பேஸ் ஆட்டம் நடக்கும். மேளம் ஒரே ஓட்டமாக ஓடும். அதற்கு அடியில் பேஸ் என்கிற அடித்தொனி உறுமும். காதுக்கு முன்னம் வயிற்றுக்குத்தான் கேட்கும். நான் மேடைக்குப் பக்கத்தில் றோல்ஸ் மேசை போடுவேன். அப்போது மடியில் கைக்குழந்தை.

இசைத்தட்டுப் போடுகிற டீஜே சாம்பவி. இருபத்தாறு வயது. மைக்கில் சொல்லுகிற எம்சி சீலன் அண்ணை. நாற்பத்திரண்டு வயது. கலியாண மண்டபங்களில் பதினைந்து வருசம் அறிவிப்புச் செய்தவர். அவர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டாலும் குரு அவள்தான், சீடன் அவர்தான்.

கலியாண மண்டபத்தில் மைக் சும்மா இருந்தால் குறை. மாப்பிள்ளை வரச் சுணங்கினாலும், ஐயர் தாலியைத் தேடினாலும், அறிவிப்பாளர் கதைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த ஆட்டத்திலோ ஒரு இடத்தில் மேளம் நிற்கும். பாட்டு நூல் மாதிரி மெலியும். சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகுதான் பேஸ் விழும். அதற்காகத்தான் அத்தனை பேரும் வருகிறது.

சீலன் அண்ணைக்கு அது பாட்டு அறுந்த மாதிரிப் படும். தங்கச்சியைக் காப்பாற்றுகிறேன் என்று, விழுகிற நேரம் பார்த்து இன்னும் வேகமாகக் கதைப்பார். இரண்டு முறை அப்படி ஆட்டம் கெட்டது. மூன்றாம் முறையும் நடந்தால் வேறு எம்சி என்று மண்டபக்காரர் சொல்லிவிட்டார்.

அந்த மூன்றாம் முறை, தொடங்க முன்னம் சீலன் அண்ணை கேட்டார்.

"தங்கச்சி, எப்ப வாயை மூடோணும் எண்டு ஒருக்கால் சொல்லித்தாரும்."

சாம்பவி வயர் கொழுவிக்கொண்டிருந்தாள். "அண்ணை, மேளம் நிக்கேக்கை..."

"நிக்கேக்கை நான் பிடிச்சுக்கொள்ளுறன். நீர் பயப்பிடாதையும்."

சாம்பவி சிரித்தாள். திரும்ப வயருக்குக் குனிந்தாள்.

"இதுவும் போச்செண்டால் திரும்பக் கலியாண வீடுதான்," என்றார் அவர். "இந்தச் சத்தத்துக்கை நிண்டாப் பிறகு என்னாலை அங்கை போய் நிக்கேலாது."

"போங்கோ அண்ணை, சனம் வந்திட்டுது."

மேடை விளிம்பில் போய் நின்றார். எதிரே நானூறு பேர். நன்றாகத்தான் கதைத்தார். மேளம் எப்படி ஓடியதோ அப்படியே அவர் வாயும் ஓடியது. சனம் கை தூக்கியது.

சாம்பவி எட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். ஹெட்போனின் ஒரு காதை வெளியே திருப்பி அவரிடம் நீட்டினாள்.

அவர் நெடுவல். அவள் கட்டை. குனிந்து காதை வைத்தார். இரண்டு தலையும் ஒட்டி நின்றன.

நான் கண்டது முகத்தை மட்டும்தான். உள்ளே என்ன கேட்டது என்று பிறகு அவர்தான் சொன்னார். உள்ளே வேறொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். மண்டபத்தில் கேட்கிற பாட்டுக்குப் பக்கத்தில், அதே வேகத்தில், அடிக்கு அடி. இன்னும் வராத பாட்டு. நானூறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. அவள் இவ்வளவு நாளும் அதற்குள்தான் நின்றிருக்கிறாள்.

அவர் வாய் திறந்தபடி இருந்தது. மைக் வாய்க்குப் பக்கத்தில்தான். சொல் வரவில்லை.

மேளம் நின்றது. பாட்டு மெலிந்தது.

சீலன் அண்ணை சாம்பவியின் விரலைப் பார்த்தார். அது ஒரு குமிழில் இருந்தது. மைக்கை மெல்லக் கீழே இறக்கினார். மற்றக் கையை மேலே தூக்கினார். அவ்வளவுதான். அந்தக் கையைப் பார்த்து மண்டபம் முழுக்க அடங்கியது. என் கைக்குழந்தை பால் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

விரல் திரும்பியது. கை இறங்கியது.

பேஸ் விழுந்தது. என் மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகள் வட்டம் வட்டமாக நடுங்கின.  சனம் பிடித்துப்போய்ச் சுவரில் கையால் அடித்தது.

பாட்டு அப்படிப் பிடித்துவிட்டால் எம்சி அதையே திரும்பப் போடச் சொல்லிக் கேட்பார், டீஜே தட்டைப் பின்னுக்குச் சுற்றி முதலிலிருந்து போடுவார். அது அவர்கள் வழக்கம். சாம்பவி ஒரு நாளும் அவருக்குச் சுற்றிக் கொடுத்ததில்லை. அன்றைக்கு அவர் மைக்கில் கேட்கவில்லை. திரும்பி அவளைப் பார்த்தார். அவள் சுற்றினாள்.

இடைவேளையில் இருவரும் என் மேசைக்கு வந்தார்கள். மண்டபக்காரர் அந்தப் பக்கம் போகும்போது சீலன் அண்ணையின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

"தங்கச்சி, இனி ஒவ்வொரு முறையும் அந்தக் காதைத் தருவீரோ?"

"இல்லை."

"அப்ப வாறது எனக்கு என்னெண்டு தெரியும்?"

சாம்பவி றோல்ஸைக் கடித்து, மென்று, விழுங்கினாள்.

"ரெண்டு ஆட்டத்திலையும் நான் உங்கடை முதுகைத்தான் பாத்தனான், அண்ணை."

சீலன் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.  பிறகு மைக்கை எடுத்துக்கொண்டு மேடையில் போய் நின்றார். அந்த நிலையை நான் இன்றைக்கும், பிள்ளை எழும்பிவிட்டான், அம்மா என்கிறான், வாறன் ராசா, அவர் விளிம்புக்குப் போகவில்லை, பக்கவாட்டாக நின்றார், ஒரு தோள் சனத்துக்கு, மற்றத் தோள் சாம்பவி...