தோள் மாற்ற ஆளில்லாத பல்லக்கு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் கண்ணிரண்டும் அவிந்துபோகட்டும்!

கொக்கரங்குளம் ஜமீன்தார் ஒருநாள் குளக்கரையில் நின்று கொதித்தார். "கொசுவைக் கெண்டையும் தின்னுது, தவளையும் தின்னுது, தும்பியும் தின்னுது. ஒரு வேலைக்கு எதுக்குடா இத்தனை வாய்? கெண்டை மட்டும் இருக்கட்டும், குழம்புக்கும் ஆகும். மத்ததையெல்லாம் இன்னைக்கே கொன்னு தீர்க்கணும். இல்லேன்னா உன் குடிசையைக் கொளுத்திருவேன்!"

குளம் காக்கும் பேச்சிமுத்து கைகட்டி நின்றான். "அருமையான சட்டம் சாமி. பல்லக்குக்கும் இதையே வச்சிரலாமா? நாலு பேர் தூக்குறான். இன்னும் நாலு பேர் வெறுங்கையை வீசிக்கிட்டுக் கூடவே வாரான்."

"அட, ஆமா! அந்தத் தண்டச்சோறுகளை விரட்டு!"

தோள் மாற்ற வந்த நால்வரும் வீட்டுக்குப் போனார்கள். ஜமீன்தார் ஏறிய பல்லக்கு வழியில் ஆற்றில் இறங்கியது. பேச்சிமுத்து பின்னாலேயே நடந்தான். நடு ஆற்றில் முன்னால் தூக்கியவனுக்குக் கால் நரம்பு சுருட்டி இழுத்தது. பல்லக்கு சாய்ந்தது. கீழே பனைமர நீளத்துக்கு ஒரு முதலை வாயைத் திறந்தது.

"தோள் மாத்துங்கடா!" ஜமீன்தார் அலறினார்.

"மாத்த ஆளேது சாமி? நீங்கதானே விரட்டினீங்க. கெண்டைக்குச் சீக்கு வந்தா தவளை தோள் கொடுக்கும். தவளை ஓய்ஞ்சா தும்பி கொடுக்கும். அதுகளையும் விரட்டிரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! குளத்துல ஒண்ணையும் தொடாதே! தூக்குடா!"

அப்புறந்தான் பேச்சிமுத்து தோள் கொடுத்தான். ஜமீன்தார் கரையேறினார், அவருடைய தலைப்பாகையோடு முதலை நீந்திப் போனது.

யாராவது கேட்டால் காற்றுவாக்கில் வந்த சேதி என்று சொல்லிவிடுங்கள். என் பேரை இழுத்துவிடாதீர்கள் ஐயா, ஜமீன் வீட்டுப் பந்தியில் இன்னும் எனக்கு இலை போடுகிறார்கள்.