இரு கண்ணாடிகளுக்கு நடுவே

"எவனோ என் சில்லைக் கெடுத்துட்டான், மேடம்! கையில மாட்டினா விட மாட்டேன்."

கொம்பையாவின் சத்தத்தில் ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஐம்பதைத் தாண்டி ஆராய்ச்சிக்கு வந்தவர். பேராசிரியர் ரஹீமா அவரைவிட வயதில் சின்னவர்.

"என்ன ஆச்சு, அண்ணாச்சி?"

"நான் செஞ்ச குறைக்கடத்திச் சில்லுக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி. உள்ளே போன வெளிச்சம் தப்ப வழியில்லாம சில்லோட கலந்தா, திரையில தெரியுற வரைகோட்டுல ரெண்டு முகடு வரணும். ஒண்ணுதான் வருது. குளிரவைக்கிற ஹீலியம் சாயங்காலம் தீர்ந்துடும். அதுக்குள்ள வரலைன்னா என் ஆராய்ச்சியை மூட வேண்டியதுதான்."

"லேசர் எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"முழுசா! கஞ்சத்தனம் பார்த்தா வியாபாரம் படியுமா?"

ரஹீமா மேசை அருகே வந்தார். லேசர் போகும் வழியில் ஒரு கறுப்புக் கண்ணாடியைச் செருகினார்.

"ஐயோ, பாதி போச்சே!"

இன்னொன்றைச் செருகினார்.

"இப்படி அடிமாட்டு விலைக்கு இறக்கலாமா, மேடம்?"

இன்னொன்று.

லேசரின் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாமல் போனது.

திரையில் அந்த ஒற்றை முகடு நடுங்கியது. பிளந்தது. இரண்டாக நின்றது.

கொம்பையா லேசரையும் கறுப்புக் கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ கெடுத்தவன்..."

"வெளிச்சத்தை அளவில்லாம கொட்டினா சில்லு திணறிடும். கெடுத்தவனை விட மாட்டேன்னீங்களே, அண்ணாச்சி."

அவர் காதில் அது விழவில்லை. திரையை நெருங்கினார்.

"இதில் எது வெளிச்சம்? எது சில்லு?"

வெளிச்சம் படும் இடத்தை நகர்த்தும் திருகைத் தொடக்கத்துக்குத் திருப்பிவைத்து, அதை அவர் கையில் விட்டார் ரஹீமா.

"திருப்புங்க. இடம் மாறினா கண்ணாடிகளோட இடைவெளி மாறும், அதோட சேர்ந்து ஓடுறது வெளிச்சம். அசையாதது சில்லு."

திருப்பினார். இடது முகடு ஓடி வந்தது. வலது முகடு அசையவில்லை.

"முட்டப் போகுது, மேடம்!"

முட்டவில்லை.

ஒரு விரற்கடை இடைவெளியில், ஓடி வந்தது நின்றது. நின்றிருந்தது ஓடத் தொடங்கியது.

கொம்பையாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்னால் திருப்பினார். மறுபடி முன்னால்.

"எந்த இடத்துல வெளிச்சம் சில்லாச்சு?" குரல் இறங்கியிருந்தது.

"திருகு உங்க கையிலதான் இருக்கு. நிறுத்திக் காட்டுங்க."

நடுவில் நிறுத்தினார். இரண்டு முகடும் ஒரே உயரம். ஒன்றைப் போலவே மற்றொன்று.

இரண்டையும் விரலால் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆய்வகம் அதிரக் கத்தினார்.

"இதுக்கு வெளிச்சம், சில்லுன்னு தனித்தனியா ரெண்டு பெயர் வச்சவன் எவன், மேடம்? வரச் சொல்லுங்க அவனை! இப்பவாவது வந்து திருத்திட்டுப் போகட்டும்!"