டிம்பிள் துரையின் உறுதியான நம்பிக்கைகள்

நெட்டைமலைப் பாளையத்தில் மரியாதை அதிகம், படை குறைவு. கோட்டையில் மொத்தம் நாற்பது சிப்பாய்கள். அதில் பதினொரு பேருக்கு இருமல். பீரங்கி ஒன்று உண்டு. அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை அதைக் கிளப்பக் கூடாதென்று ராணியம்மாள் உத்தரவு.

இப்படிப்பட்ட கோட்டைக்குத்தான் கிழக்கிந்தியக் கும்பினியின் டிம்பிள் துரையிடமிருந்து கடிதம் வந்தது. துபாஷி பொன்னுரங்க முதலியார் அந்த இங்கிலீஷைத் தமிழாக்கிச் சபையில் படித்தார்.

"உங்களிடம் முந்நூறு வீரர்களுக்கு மேல் இல்லையென்று மிக உறுதியாக நம்புகிறேன். வெள்ளிக்கிழமை கோட்டைச் சாவியை ஒப்படைப்பீர்களென்று சர்வ நிச்சயமாக அனுமானிக்கிறேன்."

தளவாய் கட்டாரிப் பிள்ளை எழுந்துவிட்டார். "கேட்டீர்களா மகாராஜா! மிக உறுதியாக! சர்வ நிச்சயமாக! பேசாமல் சாவியைக் கொடுத்துவிடுவோம்."

ராஜா மல்லப்ப நாயக்கருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"வேண்டாம் மகாராஜா," என்றார் முதலியார். "துரைக்கு ஒன்றுமே தெரியாது."

"எப்படிச் சொல்கிறீர்?"

முதலியார் பழைய கடிதக் கட்டை அவிழ்த்தார். "பத்து வருஷமாக இந்த மனுஷர் எழுத்தை வாசித்தே என் கண் போயிற்று. இது போன ஆவணியில் வந்தது. 'மழை பெய்யாதென்று உறுதியாக எண்ணுகிறேன்.' அவருடைய வெடிமருந்து பூராவும் நனைந்தது. இது, 'ராஜா தம் வெள்ளைக் குதிரையை நிச்சயமாக விற்பாரென்று ஊகிக்கிறேன்.' விற்றீர்களா?"

"சீ! விற்பேனா?"

"இது, 'புதன்கிழமை வருகிறேன்.' வெறுமனே. வந்தாரா?"

"வந்தாரே! ஆறு பீரங்கியோடு வந்து பக்கத்துப் பாளையத்தைத் தூளாக்கினாரே!"

"அவ்வளவுதான் மகாராஜா. தெரிந்த சங்கதியை வெறுந்தலையோடு அனுப்புவார். தெரியாத சங்கதிக்குத்தான் 'உறுதியாக', 'நிச்சயமாக' என்று தலைப்பாகை கட்டி அனுப்புவார்."

ராஜா மீசையைத் தடவினார். "சரி. உம்முடைய பேச்சுப்படியே சாவியைக் கொடுக்க வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமை வாசலில் முதல் ஆளாக நிற்பது நீர்தான்."

முதலியார் பதில் எழுதினார்: "வாருங்கள். சாப்பாடு தயார்."

தளவாய் எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா ஓய்? 'எங்களை வெல்ல முடியாதென்று திடமாக நம்புகிறோம்' என்றாவது ஒரு வரி சேர்க்கக் கூடாதா?"

"சேர்த்தால் உடனே கிளம்பிவிடுவார், தளவாய் அவர்களே."

வெள்ளிக்கிழமை விடிந்தது. முதலியார் தன்னந்தனியாக வாசலில் நின்றார். உச்சி வெயிலில் தூரத்தில் புழுதி கிளம்பியது. தளவாய் சுவருக்குப் பின்னால் பதுங்கினார். பீரங்கிக்குள் கோழி ஒருமுறை கொக்கரித்தது.

வந்தது ஒரே ஒரு குதிரைக்காரன். கையில் கடிதம்.

"வயிற்றுக் கோளாறு. வரவில்லை."

முதலியார் அதை இரண்டு தடவை படித்தார். வெறுந்தலைதான். பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

கடிதத்தைக் கேட்ட ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றி முதலியாருக்குப் போட்டார். சிரிப்பு அடங்காமலே கேட்டார்:

"உண்மையைச் சொல்லும் முதலியாரே. துரை வரமாட்டாரென்று உமக்கு அப்போதே தெரியுமா?"

முதலியார் கடகத்தைச் சரிசெய்துகொண்டு, பணிவாகக் குனிந்தார்.

"மிக உறுதியாக நம்பினேன், மகாராஜா."

ராஜாவுக்கு அப்போதுதான் வியர்த்தது.