செங்கமலத்தின் குரலுக்கு ஏற்ற கூம்பு

ஆலங்கரையில் தாண்டவராயன், குஞ்சிதபாதம், சட்டைநாதன் என்று மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். அப்பா விட்டுப்போன நிலத்தைச் சண்டையில்லாமல் மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். மூளைதான் யார் பங்குக்கும் வரவில்லை. மற்றபடி ஒற்றுமையான குடும்பம்.

மூத்தவரின் மனைவி செங்கமலம் நன்றாகப் பாடுவாள். அந்தியில் அவள் தொடங்கினால் கொல்லையில் காற்றுகூட மெதுவாக நடக்கும். தாண்டவராயன்தான் பாதிப் பாட்டில், "ரசம் கொதிக்குதா பாரு" என்பார். ஒருநாள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு மாயவரத்தில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"என் பாட்டை உட்கார்ந்து கேக்க இந்த வீட்டுல ஒரு இடம் உண்டாகட்டும். அப்புறம் வரேன்."

அவள் போனபின் தாண்டவராயனுக்குச் சோறு இறங்கவில்லை. முன்னறையைக் காலி செய்து மூன்று நாற்காலி போட்டார். இடம் உண்டாகிவிட்டது. அவள் குரல் பதிந்த கேசட் ஒன்றும் இருந்தது.

"திருவிழாவுல கூம்பு ஸ்பீக்கர் கட்டினா மூணு ஊருக்குக் கேக்குது" என்றான் குஞ்சிதபாதம். "கொஞ்சம் பெரிசா வாங்கினா மாயவரத்துல அண்ணிக்கே கேக்கும்."

மூவரும் சீர்காழி ஸ்பீக்கர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பக்கிரிசாமி பொறுமைசாலி. "வீட்டுக் கூம்பு வேற. அறையைப் பார்க்காம நான் எதையும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

மறுநாள் டிராக்டரில் முன்னறைக் கதவும் ஜன்னலும் கடை வாசலில் வந்து இறங்கின.

"சுவரு மட்டும் வரமாட்டேன்னுடுச்சு" என்றான் சட்டைநாதன் வருத்தத்தோடு.

பக்கிரிசாமி கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கூம்புகளை எடுத்து வைத்தார். ஒன்று ஊமத்தம்பூ அளவு, மற்றொன்று அண்டா அளவு.

"அண்ணிக்கு வாய் சின்னது. சின்னதுதான் பொருத்தம்" என்றான் குஞ்சிதபாதம்.

"கோபம் வந்தா பெரிசாயிடுமேண்ணே" என்றான் சட்டைநாதன்.

"அப்ப பாட்டுக்கு ஒண்ணு, திட்டுக்கு ஒண்ணு."

"ரெண்டையும் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்க" என்றார் பக்கிரிசாமி. "மத்தியானம் வந்து ஒயர் மாட்டறேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. பாடறவங்க எதிர்ல உட்கார்ந்து பாடற மாதிரி இருந்தா அதுதான் உங்க ஸ்பீக்கர். முடிவு பண்ற வரைக்கும் கண்ணைத் திறக்காதீங்க."

கூம்புகள் ஏறியதும் டிராக்டரில் கதவுக்கு இடமில்லை. அது கடையிலேயே தங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், மத்தியானம் வரை நேரத்தை வீணாக்குவானேன் என்று, கேசட்டைத் தாம்பாளத்தில் கூம்புகளுக்கு முன்னால் வைத்துவிட்டு மூவரும் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள்.

பாட்டுக் கேட்கக் கதவையே பெயர்த்துவிட்டார்கள் என்ற சேதி அதற்குள் மாயவரம் போயிருந்தது. செங்கமலத்துக்கு மனசு இளகிவிட்டது. கிடைத்த முதல் பஸ்ஸில் வந்திறங்கினாள். தட்டுவதற்குக் கதவில்லை. உள்ளே, மடியில் கைகோத்து, கேட்பதற்கென்றே உட்கார்ந்திருந்தார் அவள் கணவர். இத்தனை வருஷத்தில் அவள் காணாத காட்சி. கூம்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து மெல்லப் பாடத் தொடங்கினாள்.

தாண்டவராயனின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டு முடிந்தது.

"சின்னக் கூம்புதான்டா!" என்றார் தழுதழுத்து. "மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது."

"என்ன கூம்பு? நான் வந்திருக்கேங்க!"

"கேசட்டுல இது இல்லையே" என்றான் சட்டைநாதன்.

"மரமண்டைகளா!"

"இது பெரிய கூம்பு" என்றான் குஞ்சிதபாதம் மரியாதையாக.

செங்கமலம் பெருமூச்சு விட்டுக் காபி போட அடுக்களைக்குப் போனாள். முடிவு பண்ணிவிட்ட தாண்டவராயன் கண்ணைத் திறந்தார். எதிரே கூம்புகள் மட்டும் இருந்தன. "இப்பவே போய் அவளை அழைச்சிட்டு வரேன்!" என்று மாயவரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். தம்பிகள் இன்னும் முடிவு பண்ணவில்லை.

செங்கமலம் காபியோடு வந்தாள். "தம்பி, எங்கே உங்க அண்ணன்?"

"அண்ணியைக் கூப்பிட மாயவரம் போறாரு" என்றான் குஞ்சிதபாதம், கண்ணைத் திறக்காமல்.

"அடப்பாவிகளா! நான்தான் இங்க நிக்கிறேனே. இந்தாங்க, பிடிங்க" என்று டம்ளரைச் சட்டைநாதன் கையில் திணித்தாள்.

அவன் ஒரு வாய் குடித்துப் பார்த்தான். "காபியும் குடுக்குதுண்ணே."

"சர்க்கரை?"

"அளவா இருக்கு."

"அப்படின்னா ஓடுடா! பஸ்ஸை நிறுத்தி அண்ணனை இறங்கச் சொல்லு. இனிமே அண்ணி எதுக்கு?"