ஒரே ஒரு பச்சைப் புள்ளி

கரூரில் துண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் பொன்னுசாமி, அவருக்கு அடுத்து சென்னியப்பன், அதற்கும் அடுத்து தாமஸ். மூவருமே சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். கம்பெனிக்கு இருந்த தொல்லையே அதுதான்.

நெட் நின்றால், எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். போன மாதம் டென்மார்க்காரர்களோடு வீடியோவில் பேசும்போது பேச்சு அறுந்து, ஆர்டரும் கைநழுவியது. நொந்துபோன முதலாளி ஒரு கண்காணிப்பு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டார். ஒவ்வொரு நெட் பெட்டிக்கும் திரையில் ஒரு புள்ளி. நன்றாக இருந்தால் பச்சை, கெட்டால் சிவப்பு. இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று பாவம், அவர் நினைத்துவிட்டார்.

“இன்னைக்கு மத்தியானம் டென்மார்க்காரங்க மறுபடி பேசறாங்க. திரைய விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. சிவப்பு வந்தா உடனே போய்ப் பாருங்க. இந்தத் தடவையும் அறுந்துச்சுன்னா, நாளைக்கு மூணு பேரும் வேலைக்கு வர வேண்டாம்” என்றார் முதலாளி.

மூவரும் திரைமுன் உட்கார்ந்தார்கள். கண்ணில் நீர் வழிந்தபோதுகூடத் திரும்பாமல், ஒருவர் கண்ணை ஒருவர் தடவிப் பார்த்துத் துடைத்துவிட்டார்கள். முதலாளி தன் அறையில் பேசத் தொடங்கிய நேரம், குடோன் புள்ளி சிவந்தது.

“போய்ப் பாருங்கண்ணா” என்றான் சென்னியப்பன்.

“போனா திரைய விட்டுக் கண்ணு போயிருமேப்பா.”

சென்னியப்பன் ஆழமாக யோசித்தான். “திரையையும் கூடவே கொண்டு போயிட்டா?”

“மேஜையோட தூக்கலாங்ண்ணா. யூபிஎஸ்ஸும் மேல இருக்குது, கரண்டு போகாது” என்றான் தாமஸ்.

தூக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது, பின்னால் இருந்த நெட் வயர் இழுபட்டுக் கழன்று தரையில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. பார்க்கக் கண் ஏது, அதுதான் திரையில் இருக்கிறதே! திரை முழுக்கக் குபீரென்று சிவந்தது.

“ஐயோ, கம்பெனியே போச்சே!” பொன்னுசாமிக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. “தாமஸு, ஓடு! ஒண்ணு விடாம எல்லாப் பெட்டியையும் அணைச்சு, மறுபடி போடு!”

தாமஸ் ஓடினான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளை எல்லாம் ஒவ்வொன்றாக அணைத்து, மறுபடி போட்டான்.

“அண்ணா, இங்க பாருங்க, ஒண்ணு மட்டும் பச்சை!” என்றான் சென்னியப்பன். அது அந்தக் கம்ப்யூட்டருக்கே உரிய புள்ளி. தன் நலத்தைத் தானே விசாரித்து, நலம் என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தது.

“நல்லா இருக்கறது இது ஒண்ணுதான். தொட்டுராதே” என்றார் தலைவர்.

அதற்குள் முதலாளி ஓடி வந்தார். “விலை படியற நேரத்துல அறுந்துபோச்சேடா!”

“இதுல பேசுங்கய்யா. கம்பெனியிலயே பச்சையா இருக்கறது இதுதானுங்க” என்றார் பொன்னுசாமி.

முதலாளி தரையில் கிடந்த வயரைப் பார்த்தார். இவர்களையும் பார்த்தார். திட்ட நேரமில்லை. மேஜையை உள்ளே தள்ளி வயரைச் செருகினார். புள்ளிகள் மளமளவென்று பச்சையாயின. அங்கேயே உட்கார்ந்து டென்மார்க்காரர்களைக் கூப்பிட்டார். நல்லவேளை, அவர்கள் சிரித்த முகத்தோடு வந்தார்கள். “விலை சம்மதம். எங்களுக்கு வேண்டியது மொத்தம்…” என்று ஆரம்பித்தார் வெள்ளைக்காரர்.

திரை இருண்டது.

யூபிஎஸ் சுவிட்சில் விரலை வைத்தபடி மேஜையோரம் நின்றிருந்தான் தாமஸ். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நிம்மதியாகச் சொன்னான்:

“எல்லாம் முடிஞ்சுதுங்ண்ணா. இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு.”