லட்டுக்குள் ஒரு முடி

மிட்டாய்க்கடை முதலாளி கோதண்டபாணிக்குத் தன் லட்டைத் தவிர உலகத்தில் எதுவும் சரியில்லை. விளம்பரப் படம் எடுக்க வந்த செங்கமலத்தின் கேமராவில் இருந்த, துளியூண்டு பொருளையும் பெரிதாகக் காட்டும் பழைய மேக்ரோ லென்ஸைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இதுக்குக் கண்புரைம்மா. என் கண்ணுக்குத் தெரியாத ஒண்ணை இந்த லட்டுல காட்டு. இல்லேன்னா கிளம்பு.”

அவள் படமெடுத்துக் கடை டிவியில் போட்டாள். பூந்திக்கு நடுவே கயிறு மாதிரி ஒரு முடி. வரிசையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

“எந்த மாஸ்டரோட முடி இது? இன்னையோட அவனுக்கு வேலை இல்லை.”

“அவசரப்படாதீங்க சார்,” என்று படத்தை இன்னும் பெரிதாக்கினாள். “முடி கறுப்பு, வேர்ல மட்டும் வெள்ளை. சாயம் போட்டு ஒரு வாரம் இருக்கும்.”

பழனியில் மொட்டை போட்டு வந்திருந்த ஸ்வீட் மாஸ்டர்கள் மூவரும் தலையைத் தடவிக்கொண்டார்கள். முதலாளியின் கை தானாகப் போய் மீசையை மூடியது.

“லென்ஸ் எப்படி சார்?”

“இவ்வளவு நல்ல லென்ஸ் நம்ம கடைக்கு எதுக்கும்மா?” என்றார்.